தூக்குக் கயிறு வந்தால் குற்றம் நின்றுவிடுமா?

(மாதர் பிரிவும் தோட்டத் தலைவர்களும் சேர்ந்து கூடிய மாவட்டக் கூட்டத்தில், தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு விடப்படுவதற்கு முன் ஆற்றப்பட்ட உரை.)



இன்றைய கூட்டத்துக்கு மூன்று தோட்டக் கமிட்டிகளில் இருந்து ஏறக்குறைய ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. பெண்களையும் பிள்ளைகளையும் சிதைத்துக் கொல்பவர்களையும், குடு, ஐஸ் விற்பவர்களையும் உடனே தூக்கில் போட வேண்டும் என்று சங்கம் ஜனாதிபதியைக் கேட்க வேண்டும். இதுதான் தீர்மானம். நிர்வாகக் குழுவில் இதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம், முடிவுக்கு வரவில்லை. அதனால் உங்கள் முன்னால் வைத்து, வாக்கெடுப்புக்கு முன் என் கருத்தைச் சொல்ல அனுமதி கேட்டேன்.

தீர்மானத்தை எழுதியவர்களின் கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு. மலைக்குப் போன தாய், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வரும்போது பிள்ளை இல்லை என்றால் அந்த வயிறு எப்படி எரியும் என்று இங்கே யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அந்தத் தாயிடம் போய் மனித உரிமை பற்றி வகுப்பு எடுக்க நான் வரவில்லை. என் கேள்வி ஒன்றுதான். தூக்கில் போட்டால் அடுத்த பிள்ளை தப்புமா?

முதலில் சட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். மரண தண்டனை இல்லாமல் போய்விட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் மேல் நீதிமன்ற நீதிபதி மரண தண்டனைதான் விதிக்க வேண்டும். 1984-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, 2 கிராம் ஹெரோயின் கடத்தினாலே மரண தண்டனை என்று எழுதினார்கள். 2022-ல் ஐஸையும் அதில் சேர்த்தார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல் சிறையில் இருக்கிறார்கள். நிறைவேற்றுவது மட்டும்தான் நின்றிருக்கிறது. கடைசியாகத் தூக்கிலிட்டது 1976 ஜூன் மாதம். அதற்குப் பிறகு வந்த எந்த ஜனாதிபதியின் காலத்திலும் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: "அதனால்தானே இவ்வளவு குற்றம்? போட்டுக் காட்டியிருந்தால் பயந்திருப்பார்கள் இல்லையா?" நியாயமான கேள்வி. இதற்கு விடை தேட இந்த நாட்டிலேயே ஒரு தடவை முயற்சி நடந்தது.

1956-ல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தூக்குத் தண்டனையை நிறுத்தினார். 1958-ல் அதைச் சட்டமாகவும் கொண்டுவந்தார். தூக்கை நிறுத்தியதால் கொலை கூடியதா என்று பார்க்க ஒரு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் நோர்வல் மொரிஸ் என்ற அவுஸ்திரேலியச் சட்ட அறிஞர். அவர்கள் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். தூக்கு இருந்த காலத்துக்கும் இல்லாத காலத்துக்கும் நடுவில், தூக்கை நிறுத்தியதால்தான் கொலை கூடியது என்று சொல்லக்கூடிய எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்பதே அவர்களுடைய முடிவு. ஆனால் அந்த அறிக்கையை ஆறுதலாக வாசிக்க நாட்டுக்கு நேரம் கிடைக்கவில்லை. 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்கவே சுடப்பட்டு இறந்தார். நாடு கொதித்தது. அந்தக் கொதிப்பிலேயே அதே வருஷம் தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடந்து முடிந்த கொலைக்கும் செல்லும்படி சட்டத்தைப் பின்னோக்கி எழுதினார்கள். சுட்ட சோமாராம 1962-ல் தூக்கிலிடப்பட்டார். சதித்திட்டம் போட்ட புத்தரக்கித்த தேரரும் ஜயவர்தனவும் தப்பிவிட்டார்கள். அவசரத்தில் எழுதிய அந்தச் சட்டம் சதிக் குற்றத்துக்குப் பொருந்தாது என்று மேன்முறையீட்டில் தீர்ப்பாகி, அவர்களுடைய தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஆத்திரத்தில் எழுதிய சட்டம் ஏவப்பட்டவரைப் பிடித்தது, ஏவியவர்களை விட்டது. ஒரு பிரதமருடைய வழக்கிலேயே இப்படி நடந்தது என்றால் நம்முடைய வழக்கில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டையும் கொஞ்சம் பார்ப்போம், நீட்டமாட்டேன். சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நகரங்கள். இரண்டிலும் நெருக்கமான சனத்தொகை, இரண்டிலும் கண்டிப்பான பொலிஸ். ஹொங்கொங்கில் 1966-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. சிங்கப்பூரோ 1990களின் நடுவில், சனத்தொகைக் கணக்கில் உலகத்திலேயே மிக அதிகம் பேரைத் தூக்கிலிட்ட நாடுகளில் ஒன்று. இந்த இரண்டு இடங்களின் 35 வருஷக் கொலைக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இரண்டு கோடும் சேர்ந்தே இறங்குகின்றன. சிங்கப்பூரில் தூக்கு ஏறினாலும் இறங்கினாலும் கொலைக் கணக்கில் அதன் அடையாளம் தெரியவில்லை. கனடாவை எடுங்கள். நம் நாட்டில் கடைசித் தூக்கு நடந்த அதே 1976-ல் கனடா கொலைக்கான மரண தண்டனையைச் சட்டத்தில் இருந்தே எடுத்தது. அதற்கு முந்திய வருஷம் ஒரு லட்சம் பேருக்கு 3 கொலை என்று இருந்தது, 2003-ல் 1.7 ஆகக் குறைந்திருந்தது. தூக்கை எடுத்ததால் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. எடுத்ததால் கூடவில்லை என்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சி மன்றம் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்து, தூக்கு கொலையைக் குறைக்கிறது என்றோ குறைக்கவில்லை என்றோ அவற்றை வைத்துச் சொல்லவே முடியாது என்று 2012-ல் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றை நம்பி ஒரு உயிரை எடுக்கலாமா?

ஏன் இப்படி என்று விளங்கிக்கொள்ள ஆய்வாளர்களும் தேவையில்லை. நம் தோட்டங்களில் நடந்த வெட்டுக்குத்துகளை நினைத்துப் பாருங்கள். கசிப்புப் போதையில் வீட்டுக்குள் நடந்தவை எத்தனை? வேலிச் சண்டை, காணிச் சண்டை, குடும்பச் சண்டை எத்தனை? கத்தியைத் தூக்குகிறவன் அந்த நேரத்தில் தண்டனைச் சட்டக்கோவையை நினைக்கிறானா? பத்து நிமிஷத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது. நிதானமாகத் திட்டம் போட்டுச் செய்கிறவன் வேறு ரகம். அவன் யோசிக்கிறான், ஆனால் பிடிபடமாட்டேன் என்றுதான் யோசிக்கிறான். பிடிபட்டாலும் ஆள் இருக்கிறது, காசு இருக்கிறது என்று நினைக்கிறான். ஐஸ் விஷயத்தில் அகப்படுவது யார்? பொட்டலத்தைக் கொண்டுபோகிற நம் பையன். கப்பலில் கொண்டுவந்தவன் அவனுக்கு முகம்கூடத் தெரியாத ஆள். 1984-ல் இருந்து 2 கிராமுக்கு மரண தண்டனை என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பையனுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

சிசேரே பெக்காரியா என்ற இத்தாலியர் 1764-லேயே ஒன்று எழுதினார். தண்டனை எவ்வளவு கொடூரம் என்பது குற்றத்தைத் தடுப்பதில்லை, தண்டனை நிச்சயமாகக் கிடைக்கும் என்பதுதான் தடுக்கும் என்றார். இருநூற்று அறுபது வருஷத்துக்கு முந்திய பேச்சு. நம் பக்கத்துப் பொலிஸ் நிலையம் வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

போன வருஷம் ஒரு சகோதரியோடு பொலிஸுக்குப் போனேன். எந்த நிலையம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. புருஷன் கத்தி காட்டிக் கொல்லுவேன் என்கிறான் என்று முறைப்பாடு. காலையில் போனோம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவு, பிறகு வாருங்கள் என்றார்கள். மூன்றாம் தடவைதான் எழுதிக்கொண்டார்கள். அதுவும் சிங்களத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் பேர் போனதுதான் மிச்சம். நல்ல வேளை, அந்தச் சகோதரி இன்று உயிரோடு இருக்கிறார், தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஏதாவது நடந்திருந்தால் அடுத்த நாள் நாம் எல்லோரும் ரோட்டில் இறங்கி "தூக்கில் போடு" என்று பதாகை பிடித்திருப்போம். நமக்கு முதல் தடவை போனபோதே எழுதிக்கொள்ளும் பொலிஸ் தேவையாக இருந்தது.

இந்தச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். சிங்கராசா வழக்கு என்று ஒன்று உண்டு. மட்டக்களப்புப் பக்கத்து ஏழை இளைஞர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 1993-ல் பிடித்தார்கள். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம். அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து 50 வருஷத் தண்டனை, மேன்முறையீட்டில் 35. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004-ல் சொன்னது. ஐம்பது வருஷம் என்றால் வாதாட ஆள் மிச்சம் இருக்கிறார். தூக்கு என்றால் யாருக்காக வாதாடுவது?

நம் தோட்டங்களுக்கும் தூக்கு மேடைக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது, இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1940-ல் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றதை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அடுத்த வருஷம் ஸ்டெலன்பேர்க் தோட்டத் துரை போப் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் வீராசாமி, வேலாயுதம் என்ற இரண்டு தொழிலாளர்களை 1942-ல் தூக்கிலிட்டார்கள். துரையைக் கொன்றது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள். வழக்கு நடந்தது இங்கிலீஷில். நீதிபதி பேசியது, சட்டத்தரணி பேசியது, தங்கள் உயிரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது, எல்லாம் மொழிபெயர்ப்பாளர் வாயால்தான் அவர்களுக்கு வந்தது. அன்றைக்கு இங்கிலீஷ், இன்றைக்குச் சிங்களம்.

இனி, பிழையாகப் பிடிப்பது பற்றி. 2015 செப்டம்பரில் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சின்னப் பிள்ளையை இரவில் வீட்டில் இருந்து தூக்கிப்போய்க் கொன்றார்கள். நாடு முழுக்க மரண தண்டனை கேட்டுக் கொதித்தது. நாமும்தான் கேட்டோம். பொலிஸார் முதலில் ஒரு பள்ளிக்கூட மாணவனையும் பக்கத்து வீட்டுக் குடும்பஸ்தர் ஒருவரையும் பிடித்தார்கள். ஊரே அவர்கள்தான் என்றது. மரபணுப் பரிசோதனை அவர்கள் இல்லை என்றது. அந்த மாணவன் பொலிஸார் தன்னை அடித்ததாகச் சொன்னான். பிறகு இன்னொருவரைப் பிடித்தார்கள். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. பரிசோதனை அவரும் இல்லை என்றது. கடைசியில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் அவருடைய அண்ணன். மரபணுப் பரிசோதனை இல்லாத காலமாக இருந்திருந்தால், ஒப்புக்கொண்ட ஆள் என்று சொல்லி அந்தத் தம்பியைத் தூக்கு மேடைக்கு அனுப்பியிருப்பார்கள். கொன்றவன் வெளியே நடமாடியிருப்பான். பிழையான ஆளைத் தூக்கில் போட்டால் இரண்டு உயிர் போகிறது, மூன்றாவது பிள்ளைக்கும் ஆபத்து காத்திருக்கிறது.

காசும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தோம். றோயல் பார்க் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவருக்கு 2019-ல் பொதுமன்னிப்பு. மிருசுவிலில் சின்னப் பிள்ளை உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற இராணுவ வீரருக்கு 2020-ல் பொதுமன்னிப்பு. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021-ல் பொதுமன்னிப்பு. றோயல் பார்க் மன்னிப்பும் துமிந்த சில்வாவின் மன்னிப்பும் செல்லாது என்று 2024-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நல்லது. அவர்களைத் தூக்கில் போடு என்று நான் கேட்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். நம் லயத்துப் பையனுடைய கோப்பு ஜனாதிபதியின் மேசைக்குப் போனால், அவனுக்காகப் பேச கொழும்பில் யார் இருக்கிறார்கள்?

2018-ல் ஜனாதிபதி சிறிசேன போதைப்பொருள்காரர்களைத் தூக்கிலிடப் போவதாக அறிவித்தார். அடுத்த வருஷம் அலுகோசு வேலைக்குப் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். நன்னடத்தையும் மனத் துணிவும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று கேட்டிருந்தார்கள்! நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று அதில் தெரிந்தது. 2019 ஜூனில் நான்கு பேருடைய மரண உத்தரவில் கையெழுத்திட்டதாக அவரே சொன்னார், ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இதற்கு நடுவில் 2018 டிசெம்பரில், மரண தண்டனையை நிறுத்திவைக்க வேண்டும் என்ற ஐக்கிய நாடுகள் பொதுச் சபைத் தீர்மானத்துக்கு அதே அரசாங்கம் ஆதரவாக வாக்களித்தது. அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. அத்தனை ஆரவாரத்துக்குப் பிறகும் நம் தோட்டத்துக்கு ஐஸ் வருவது நிற்கவில்லை. அலுகோசு தேடிய அந்த நேரத்தில் மலையகத்தில் போதை மறுவாழ்வுக்கு ஒரு நல்ல நிலையம் தேடியிருந்தால் நாலு பிள்ளையாவது மிஞ்சியிருக்கும்.

மாதர் பிரிவுச் சகோதரிகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கெடுதி செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். மாமன், சித்தப்பன், அடுத்த காம்பரா ஆள். இப்போதே குடும்ப மானம் போய்விடும் என்று அமுக்குகிறார்கள். அந்தக் குற்றத்துக்குத் தூக்கு என்று வந்தால் என்ன நடக்கும்? "உன் பேச்சால் மாமன் கழுத்தில் கயிறு" என்று பாட்டியே பிள்ளையின் வாயைப் பொத்துவாள். கெடுத்தாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், சாட்சி சொல்லப் பிள்ளையை அவன் உயிரோடு விடுவானா? டெல்லியில் 2012-ல் அந்த மாணவிக்கு நடந்த கொடூரத்துக்குப் பிறகு இந்தியா நீதிபதி வர்மா தலைமையில் ஒரு குழு போட்டது. பெண்கள் அமைப்புகளின் பேச்சையும் கேட்டு, மரண தண்டனை வேண்டாம் என்றுதான் அந்தக் குழு சொன்னது. அரசாங்கம் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தியப் பெண்கள் இருட்டில் பயமில்லாமல் நடக்கிறார்களா என்று ரீவி செய்தி பார்க்கும் உங்களுக்கே தெரியும்.

அப்படியென்றால் குற்றவாளியை விட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. பிள்ளையைக் கொன்றவன் வெளியே வரக்கூடாது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் தண்டனையாக இருக்கட்டும். தேர்தலுக்குத் தேர்தல், வெசாக்குக்கு வெசாக் குறைக்கிற வேலை அந்தக் குற்றங்களுக்கு வேண்டாம். ஆனால் அவன் பிடிபட வேண்டும், சரியான ஆள் பிடிபட வேண்டும், வழக்கு பத்து வருஷம் இழுபடக்கூடாது. சாட்சி சொன்ன சகோதரி இரண்டு தவணைக்குப் பிறகு அரைப் பேருக்கும் வழியில்லாமல் நின்றுவிடக்கூடாது. சாட்சிகளைப் பாதுகாக்க 2015-ல் இருந்து சட்டம் இருக்கிறது. நம் தோட்டங்களில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்?

பெரிய விஷயம் மட்டும் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத லயம் எத்தனை? மலசலகூடத்துக்கு இருட்டில் முப்பது யார் நடக்கிற பெண்கள் எத்தனை பேர்? கசிப்பு காய்ச்சுகிறவன் தண்டப்பணம் கட்டிவிட்டு மறுநாள் அடுப்பு மூட்டுகிறான். இவற்றுக்கெல்லாம் ஜனாதிபதியின் கையெழுத்து தேவையில்லை. கம்பனியோடும் பொலிஸோடும் பிரதேச சபையோடும் சண்டை பிடிக்கச் சங்கம் தேவை.

ஆகவே மூன்று கமிட்டிகளிடமும் நான் கேட்பது, தீர்மானத்தைக் கைவிடுங்கள் என்று அல்ல, மாற்றுங்கள் என்று. மாற்று வாசகத்தை வாசிக்கிறேன்:

"பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எதிரான குற்றங்களில் முறைப்பாட்டை முதல் நாளே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பிரதி கொடுக்க வேண்டும். பெருந்தோட்டப் பகுதிகளின் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் இரவிலும் பகலிலும் கடமையில் இருக்க வேண்டும். இந்த வழக்குகளை விரைவாக விசாரிக்க வேண்டும். சாட்சிக்குப் போகும் தொழிலாளிக்கு அன்றைய நாட்சம்பளத்தை நிர்வாகம் கொடுக்க வேண்டும். லயங்களுக்கு வெளிச்சமும் உறுதியான கதவும் கம்பனியின் பொறுப்பாக வேண்டும்."

தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. நாம் கேட்பது சலுகை இல்லை. இலவசச் சட்ட உதவிக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்துக்கு 1929, பெண்கள் விஷயத்துக்கு 1938 என்ற இலக்கங்களைக் கொழுந்து மடுவத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் உங்கள் தோட்டத்தில் இப்படிக் கொடுத்த முறைப்பாடு எத்தனை, எந்த நிலையத்தில், இலக்கம் என்ன, வழக்கு இப்போது எந்த நீதிமன்றத்தில் நிற்கிறது என்று. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர் எழுத வேண்டாம். அந்தக் கணக்கோடு பொலிஸ் அத்தியட்சகரைச் சந்திக்க நாள் கேட்டிருக்கிறோம்.

கை உயர்த்துவதற்கு முன், தீர்மானம் அனுப்பிய தோட்டங்களில் இருந்து யாராவது எதிர்த்துப் பேச விரும்பினால் தாராளமாகப் பேசலாம். அந்தப் பின்வரிசையில் ஒரு தாய் கை தூக்கியிருக்கிறார். தோழர், மைக்கை அங்கே கொடுங்கள்.